பைப்பு கீது, கையால தோண்டு

பேய் ராத்திரியில்தான் வரும், நாய் ஊளையிட்டால்தான் வரும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. இது நடந்தது பட்டப்பகலில். திருவொற்றியூரில், கண்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு ஹாரன் அடிக்கிற நேரத்தில். அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். ஒருவர் செத்துப்போனார். மற்ற நால்வரும் இன்றைக்கும் நல்ல புத்தியோடுதான் நடமாடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குச் சொன்னவன் பாஸ்கல். அவனுக்குக் கதை கட்டத் தெரியாது. 

பாஸ்கல் ராயபுரத்துக்காரன். அவன் அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். இவனும் சில வருடம் அங்கே கிரேனில் இருந்துவிட்டு, பிறகு பொக்லைன் ஓட்டக் கற்றுக்கொண்டு வெளியே வந்தான். திருவொற்றியூரில் ஒரு சந்தில் வாடகைக்குக் குடியிருந்தான். மனைவி ரூத் வாசலில் அடுப்பு வைத்து லாரிக்காரர்களுக்கு மத்தியானச் சோறு போடுவாள். மகள் ரேச்சலுக்கு நாலு வயது. எந்நேரமும் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்த அடுப்புப் பக்கத்திலேயே நிற்கும்.

போன கார்த்திகையில், மழை கொஞ்சம் விட்ட சமயம், அவனுக்கு வேலப்பனிடம் வேலை கிடைத்தது. வேலப்பன் காண்ட்ராக்டர். ஒரு கண்டெய்னர் யார்டின் சுற்றுச்சுவர் ஓரமாக, மழைத்தண்ணீர் போக ஆழமாகக் கால்வாய் எடுக்கிற வேலை. பாஸ்கலுக்கு வாய்த்த அதிர்ஷ்டம், சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவன் வீடு. மிஷினில் உட்கார்ந்தால் ரூத்தின் அடுப்புப் புகை தெரியும்.

அந்த மண்ணுக்கு அடியில் குழாய் போகிறது. துறைமுகத்திலிருந்து கேஸ் கொண்டுபோகிற பெரிய குழாய். அதன் பக்கத்தில் தோண்டுவதற்கென்று முறை இருக்கிறது. முதலில் குழாய்க் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் கருவி கொண்டுவந்து குழாய் எங்கே போகிறது என்று பார்த்துச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். அப்புறம் கையால் ஒரு சின்னக் குழி தோண்டி, குழாயைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மிஷினைக் கிளப்பலாம். அப்போதும் குழாயை ஒட்டி மிஷின் கூடாது, மண்வெட்டிதான்.

வேலப்பனுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆனால் கம்பெனிக்குச் சொன்னால் வேலை நாள்கணக்கில் நிற்கும். அதனால் சொல்லவில்லை. அதோடு விட்டாரா? குழாய் போகிற வழியைக் காட்ட நட்டிருந்த மஞ்சள் கற்களைப் பிடுங்கி, ஷெட்டுக்குப் பின்னால் போட்டுத் தார்ப்பாயால் மூடிவிட்டார். கல்லைப் பிடுங்கினால் குழாயும் காணாமல் போய்விடும் என்று நினைப்பு. பாவி மனிதர்.

"பைப்பு எந்தப் பக்கம்ணே போவுது?" என்று முதல் நாளே பாஸ்கல் கேட்டான்.

"ரோட்டுக்கு அந்தாண்ட. நீ தோண்டு."

அவன் நம்பித் தோண்டினான்.

ஆழமான பள்ளம் எடுக்கும்போது மிஷின் ஓட்டுகிறவனுக்கு அடிமண் தெரியாது. பள்ளத்தின் விளிம்பில் ஒருவர் நின்று கை காட்ட வேண்டும். அந்த வேலை, வேலப்பனிடம் ரொம்ப நாளாக இருக்கிற கலீலுல்லாவுடையது. ஆனால் அன்றைக்குப் பள்ளத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. கலீலுல்லா அந்தக் கோடியில் பம்ப்செட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கூட இருந்த இரண்டு ஆட்களும் அவரோடு போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல் பாஸ்கல் ஒரு குத்துமதிப்பில் பக்கெட்டை இறக்கினான்.

"ஆவீஸ்."

கை தானாக நெம்புகோலை இழுத்தது. பக்கெட் மேலே வந்தது.

துறைமுகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிந்த சொல் அது. கொக்கியை இறக்க வேண்டுமானால் 'ஆரியா' என்பார்கள். தூக்க வேண்டுமானால் 'ஆவீஸ்'. பாஸ்கல் அப்பா காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவன். யோசிக்கவே வேண்டாம், காதில் விழுந்தால் கை கேட்கும்.

பள்ளத்தின் விளிம்பில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். ஐம்பதுக்கு மேல் வயது. வெளுத்துப்போன ஆரஞ்சுக் கோட்டு. கையில் நீளமான இரும்புக் கம்பி. கம்பியால் பள்ளத்தைக் காட்டினார். பாஸ்கல் இறங்கிப் போய் மண்ணைக் கையால் விலக்கினான். பக்கெட்டின் பல் பதிந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே, கறுப்பாக, உருண்டையாக...

குழாய்.

இன்னும் ஒரு கடி கடித்திருந்தால் சந்தே இருந்திருக்காது. பாஸ்கல் சிலுவை போட்டுக்கொண்டான். நிமிர்ந்து பார்த்தபோது அந்த ஆள் இல்லை. குழாய் போகிற வழியே நடந்து பார்த்துக்கொண்டு போகிற கம்பெனி ஆள் போலிருக்கிறது, சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டான்.

நேரே வேலப்பனிடம் போய்ச் சொன்னான். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இதுல இன்னா பேஜாரு? மண்ணத் தள்ளி மூடு. ரெண்டடி தள்ளித் தோண்டிக்கினு போ."

"கம்பெனிக்கு ஒரு போன் போட்டு கோடு போடச் சொல்லிடலாம்ணே."

"சொன்னா வேலை நிக்கும். அப்பால நீயும் வூட்ல குந்திக்க வேண்டியதுதான்."

அன்று ராத்திரி பாஸ்கலுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று எழுந்து உட்கார்ந்தான். விட்டால் வேறொருவன் மிஷினில் ஏறுவான். அவனுக்குக் குழாய் இருப்பதே தெரியாது. அவன் கடித்துவைத்தால் முதலில் எரிகிறது ரூத்தின் அடுப்பு. பக்கத்தில் ரேச்சல்.  நாமே இருந்து பார்த்து ஓட்டுவதுதான் நல்லது, அந்தக் கம்பெனி ஆளும் மறுபடி வருவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

மறுநாள் காலையில் ஷெட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் அந்த மஞ்சள் கற்கள் பாஸ்கல் கண்ணில் பட்டன. அன்றும் அந்த ஆள் வந்தார். எப்போது வந்தார், எந்த வழியாக வந்தார் என்று தெரியாது. பாஸ்கல் பார்க்கும்போது விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். அவர் 'ஆரியா' என்றால் பக்கெட் இறங்கும். 'ஆவீஸ்' என்றால் ஏறும். இரண்டு தடவை நிறுத்தினார். இரண்டு தடவையும் இறங்கிப் பார்த்தால் குழாய் அங்கேயே இருந்தது. ஒரு விரல் அளவு தப்பவில்லை. பாஸ்கலுக்கு அவர்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

மத்தியானம் மிஷினை நிறுத்திவிட்டு, ரூத் கொடுத்தனுப்பிய தூக்கைத் திறந்தான்.

"நைனா, ஒரு வாய் சாப்டு."

"வோணாம்."

"இன்னா நைனா, பசிக்கலியா?"

"வாயில மண்ணு."

வேலப்பன் இவருடைய பிழைப்பிலும் மண்ணைப் போட்டிருக்கிறான் போலிருக்கிறது என்றுதான் பாஸ்கலுக்குத் தோன்றியது. யாருக்கும் அப்படித்தானே தோன்றும்.

"அந்தாளு கல்லப் பிடுங்கினத நீ கம்பெனில சொல்லலியா?"

"சொல்லத்தான் வந்தேன்." கம்பி நுனியால் மண்ணைக் கீறினார். "சொல்ல வுடல."

நல்ல வெயில். காய்ந்த காற்று. ஆனால் அவர் கைச்சட்டை நுனியிலிருந்து களிமண் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நகக்கண் எல்லாம் களிமண். காதுக்குள்ளும் களிமண்.

பள்ளத்தில் நின்றிருப்பார் என்று பாஸ்கல் நினைத்துக்கொண்டான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மிஷின் ஓடவில்லை. பம்ப்செட்டும் ஓடவில்லை. காலுக்குக் கீழே, மண்ணுக்குள்ளிருந்து...

ணங்.

ணங்.

ணங்.

இரும்பை இரும்பால் தட்டுகிற சத்தம். பாஸ்கல் குனிந்து தரையில் கை வைத்துப் பார்த்தான். உள்ளங்கையில் அதிர்வு தெரிந்தது. நிமிர்ந்தான். விளிம்பில் யாரும் இல்லை.

சாயங்காலம் வேலை முடிந்து மிஷினைப் பூட்டும்போது அவனுக்கு இன்னொன்று உறைத்தது. காலையிலிருந்து மிஷினின் கண்ணாடிக் கதவை மூடி வைத்துத்தான் ஓட்டினான். என்ஜின் இரைச்சலில், பக்கத்தில் நின்று கலீலுல்லா தொண்டை கிழியக் கத்தினாலே காதில் விழாது. அந்த ஆள் கத்தவே இல்லை. மெல்லத்தான் சொன்னார். அது எப்படி அவ்வளவு தெளிவாக, காதோடு காதாகக் கேட்டது?

"பாய், அந்தக் கம்பெனி ஆளு வூட்டுக்குப் போய்ட்டாரா?" என்று கலீலுல்லாவைக் கேட்டான்.

"எந்தக் கம்பெனி ஆளு? இங்க எவன் வந்தான்?"

பாஸ்கல் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் பள்ளம் சுவரின் மூலையைத் தாண்டியிருந்தது. முந்தின இரவு நல்ல மழை. தோண்டிய மண்ணை எல்லாம் பள்ளத்தின் விளிம்பிலேயே மலையாகக் குவிக்கச் சொல்லியிருந்தார் வேலப்பன். தூரத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் அதற்கொரு லாரி வேண்டுமே. அந்தக் குவியல் தண்ணீர் குடித்து ஊறிப்போய் நின்றது.

வேலை ஏன் மெதுவாக நடக்கிறது என்று கேட்க வேலப்பன் நேரிலேயே வந்துவிட்டார். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மிஷின் நின்றிருந்தது. கலீலுல்லாவும் ஆட்களும் ஷெட்டு நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேலப்பன் வாயெடுத்தார்.

ணங்.

நிறுத்தினார்.

ணங். ணங்.

பாஸ்கல் அவர் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் ரத்தம் இல்லை. பாஸ்கலுக்கு அது வெறும் சத்தம். அவருக்கு அது என்ன என்று தெரிந்திருந்தது.

"எவன்டா உள்ள குந்திக்கினு தட்றது?"

விளிம்புக்குப் போய்க் குனிந்து பார்த்தார்.

"எவன்டா?"

ஏணியில் காலை வைத்தார். "அண்ணே, எறங்காதீங்க, கரை ஊறிக் கெடக்குது" என்று பாஸ்கல் சொன்னான். அவர் காதில் ஏறவில்லை. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி விறுவிறுவென்று இறங்கினார். அடியில் நின்று, பள்ளத்தின் மண்சுவரில் காதை வைத்தார்.

சத்தம் நின்றது.

குவியலிலிருந்து ஒரு மண்கட்டி உருண்டது.

இன்னொன்று.

அப்புறம் மொத்தக் கரையும்... ஒரு பெருமூச்சு விட்டபடி உள்ளே சரிந்தது.

பாஸ்கல் ஓடிப்போய் மிஷினில் ஏறினான். பள்ளத்தில் ஆள் இறங்கித் தோண்ட முடியாது. குவியலின் மிச்சம் தலைக்கு மேலே தொங்கியது. முதலில் அதை மிஷினால் இழுத்துத் தள்ள வேண்டும். நாலு வாளி. அவ்வளவுதான். நாலு வாளி இழுத்தால் ஆட்கள் இறங்கிவிடலாம்.

பக்கெட்டைத் திருப்பினான்.

"ஆவீஸ்."

கை நின்றது.

விளிம்பில் அவர் நின்றிருந்தார். இந்த முறை பள்ளத்தைப் பார்க்கவில்லை. பாஸ்கலைப் பார்த்தார்.

"மிஷின் போடாத. பைப்பு கீது. கையால தோண்டு."

பாஸ்கல் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தான். புகை. ரூத் உலை வைத்திருக்கிறாள். இந்த ஆள் சொல்லி ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. குழாய் எங்கே போகிறது என்று காட்ட அங்கே வேறு ஒரு கல்லும் இல்லை.

அதே நேரம் கலீலுல்லா கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"மிஷின் வோணாம் பாஸ்கலு! கையால! கையால!"

அவரும் பார்த்துவிட்டார், அவரும் கேட்டுவிட்டார் என்று பாஸ்கல் நினைத்தான். என்ஜினை அணைத்தான். குதித்து இறங்கி மண்வெட்டியை எடுத்தான்.

தோண்டினார்கள்.

ஒரு கூடை எடுத்தால் இரண்டு கூடை சரிந்தது.

ஆட்கள் இறங்க, கரை மறுபடி சரிய, ஏறி ஓட...

உள்ளேயிருந்து முனகல் கேட்டது.

தோண்டினார்கள்.

முனகல் இன்னும் கேட்டது.

தோண்டினார்கள்...

கேட்கவில்லை.

பாஸ்கல் நிமிர்ந்து பார்த்தான். அந்த ஆள் விளிம்பில் குந்தி உட்கார்ந்திருந்தார். கம்பியை மடியில் போட்டுக்கொண்டு, பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை.

தீயணைப்பு வண்டி வந்து வேலப்பனை வெளியே எடுத்தபோது விளிம்பில் யாரும் இல்லை. வேலப்பனுக்கு மூச்சும் இல்லை.

சாயங்காலம் குழாய்க் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினீயர் கருவியோடு வந்தார். ஷெட்டுக்குப் பின்னால் கிடந்த மஞ்சள் கற்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கருவியைத் தரையில் நகர்த்திக்கொண்டே போனார். மூலை வரைக்கும் குழாய் சுவரை ஒட்டித்தான் வந்தது. அதற்கு அப்புறம் வளைந்து ரோட்டுப் பக்கம் போய்விட்டது. வேலப்பன் புதைந்த இடத்துக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு லாரியே நிற்கலாம்.

"இங்க பைப்பே இல்லியேப்பா. தாராளமா மிஷின் போட்டிருக்கலாம். பத்து நிமிஷத்துல ஆள எடுத்திருக்கலாம்" என்றார்.

பாஸ்கல் வேலப்பனைக் கொண்டுபோன ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வாசலில் கலீலுல்லாவைப் பிடித்து உலுக்கினான்.

"பாய், நீயும்தான கேட்ட? அந்தக் கம்பெனி ஆளு சொன்னத நீயும்தான கேட்ட? ஆவீஸ்னு சொன்னாரே. பைப்பு கீது, கையால தோண்டுன்னு சொன்னாரே."

"ஆவீஸா?" கலீலுல்லா அவன் கையை விலக்கினார். மெல்ல நடைபாதையில் உட்கார்ந்தார். "அந்த வார்த்த சொல்ற ஆளு இந்த வேலைல ஒருத்தர்தான். சின்னப்பையன். பேருதான் சின்னப்பையன், வயசாளி. மொதல்ல ஆர்பர்ல கிரேனுக்குக் கை காட்டிக்கினு இருந்தாரு. அப்பால கம்பெனில பைப்பு லைன் பாக்குற வேலை."

"இப்ப எங்க கீறாரு?"

கலீலுல்லா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இரண்டு வருடம் முன்பு, சாத்தாங்காடு பக்கம், இதே வேலப்பனின் வேலை. மிஷின் குழாயை உரசிவிட்டது. லைன் பார்த்துக்கொண்டு வந்த சின்னப்பையன் அதைப் பார்த்துவிட்டார். எவ்வளவு உரசியிருக்கிறது என்று பார்க்கப் பள்ளத்தில் இறங்கினார். கரை சரிந்து மூடிக்கொண்டது.

"உசுரோடதான் இருந்தாரு. கைல கம்பி இருந்துச்சில்ல, அத்தால பைப்ப தட்டிக்கினே கெடந்தாரு. எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. மிஷினு பக்கத்துலயே நின்னுது. பைப்பு அந்தாண்ட, மண்ணு இந்தாண்ட, மிஷினப் போட்டிருந்தா எடுத்திருக்கலாம். வேலப்பன் வுடல. ஆளு வெளிய வந்தா கம்பெனிக்கு சொல்லிடுவாருன்னு... 'மிஷின் போடாத, பைப்பு கீது, கையால தோண்டு'ன்னான். அந்த சத்தம் நிக்கற வரைக்கும் அதயே சொல்லிக்கினு நின்னான். அப்பால போலீஸ்ல, குடிச்சிட்டு வந்து வுயுந்துட்டான்னு சொல்லிட்டான். அந்த மனுசன் பீடி கூட தொட்டதில்ல."

பாஸ்கல் பக்கத்தில் உட்கார்ந்தான். "இன்னிக்கு அவரு அதயே சொன்னாரா? உனக்கும் அவரு குரலுதான் கேட்டுச்சா?"

கலீலுல்லா தலையை ஆட்டினார். இல்லை என்று ஆட்டினார்.

"எனக்கு வேலப்பன் குரலு கேட்டுச்சு. என் முதுகுக்குப் பின்னால. அன்னிக்கு எப்டி சொன்னானோ, அச்சா அப்டியே. சரி, இவன் மேல ஏறி வந்துட்டான், வேற எவனோ உள்ள மாட்டிக்கினான்னு நெனச்சேன். அதான் நானும் கையாலன்னு கத்துனேன். அந்த ரெண்டு பசங்களுக்கும் அவன் குரலுதான் கேட்டுச்சாம்." ஆஸ்பத்திரி வாசலைத் திரும்பிப் பார்த்தார். "மண்ணுக்குள்ள கெடந்தவன் எப்டிப்பா மேல நின்னு பேசுவான்?"

அதற்கப்புறம் பாஸ்கல் பொக்லைனில் ஏறவில்லை. ஆனால் ஒரே ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்று மனது அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், எம்.கே.பி. நகருக்குப் போனான். சின்னப்பையனின் மனைவி ராஜாத்தி அங்கே குடியிருப்பில் இருந்தார். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குடிகாரன் பெண்டாட்டி என்று அக்கம்பக்கத்தில் பேர் வாங்கி இரண்டு வருடம் ஓட்டியவர்.

பாஸ்கல் ஒன்று விடாமல் சொன்னான். ஆரஞ்சுக் கோட்டைச் சொன்னான். மூன்று தடவை தன் வீட்டையும் பிள்ளையையும் காப்பாற்றியதைச் சொன்னான். நாலாவது தடவையையும் சொன்னான். நான் மிஷினை நிறுத்தியதால்தான் வேலப்பன் செத்தான் அக்கா என்று சொல்லி அழுதுவிட்டான். ராஜாத்தி கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார். எல்லாம் முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த எடத்துல பைப்பு இல்லவே இல்லியா?"

"இல்லக்கா. கம்பெனி ஆளுங்க அளந்து பாத்தாங்க."

ராஜாத்தி கீரைத் தண்டை ஒடித்தார். இலையைக் கிள்ளிப் போட்டார். 

"இருவது வருசம் லைன் பாத்தாரு என் வூட்டுக்காரரு. இல்லாத எடத்துல பைப்பு கீதுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

கீரையை முறத்தில் ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரு தபா சொல்லிக்கீறாரு. சொல்லட்டும்."